சந்திரனுக்கு நூல் கோத்த கைகள்

1969-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள், திங்கட்கிழமை, நம் மலேசிய நாட்டுக் கடிகாரங்கள் அந்நாளில் காட்டிய கணக்கின்படி காலை 10 மணி 26 நிமிஷத்துக்கு, நீல் ஆர்ம்ஸ்ட்ராங் சந்திர மண்டலத்தின் புழுதியில் தமது இடது காலை ஊன்றினார். ரப்பர்த் தோட்டங்களில் அது பாலெடுக்கும் நேரம். இருட்டிலேயே பெரட்டுக்கு நின்று, தலைவிளக்கின் வெளிச்சத்தில் நிரை பிடித்து, வெட்டு முடிந்து பசியாறியும் எழுந்துவிட்ட நம் மக்கள், மங்குகளில் நிறைந்திருந்த பாலை வாளியில் ஊற்றி மரத்துக்கு மரம் நடந்துகொண்டிருந்த அந்த நாழிகையில்தான், மனித குலத்தின் மிக நீண்ட பிரயாணம் ஒன்று நிறைவெய்தியது. ஜாசினுக்கு அருகே ஒரு தோட்டத்தில் ஏழு வயதுப் பிள்ளையாக இருந்த நான், தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் சொன்ன அச்செய்தியைச் சுமந்துகொண்டு பால் ஸ்டோருக்கு ஓடியதும், காண்டா வாளியைத் தோளிலிருந்து இறக்காமலே என் தாயார் அதைக் கேட்டு, ஒருமுறை வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு நிறுவைக்கு நடந்ததும் ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் என் மனத்தை விட்டு அகலவில்லை.

அவர் பார்த்த அந்தப் பார்வையில் வியப்பு இருந்தது. ஆனால் உரிமை இல்லை. எங்கோ, யாரோ, யாருக்காகவோ செய்த காரியம் என்று அவர் அதை எண்ணினார். நெடுங்காலம் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். விண்வெளிப் பிரயாணம் உலகெங்கும் ஓவியரையும் கவிஞரையும் யந்திர நிபுணரையும் புதிய சிருஷ்டிகளுக்குத் தூண்டியது என்பதைப் பல நூல்களில் படித்த பிறகும், அச்சரித்திரத்தில் மலாக்காவின் லயங்களில் வாழ்ந்தவர்களுக்குப் பங்கேதும் இல்லையென்றே நம்பியிருந்தேன். அந்நம்பிக்கை தவறானது என்பதையும், அத்தவறு நம் பிள்ளைகளின் எதிர்காலத்தைக் குறுக்கிவிடக் கூடியது என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அப்பல்லோ கலத்துக்கு வழிகாட்டிய கணினி, ஏறத்தாழ 32 கிலோ எடையுள்ள ஒரு பெட்டி. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் விஞ்ஞானிகள் வடிவமைத்த அக்கணினியின் நிரந்தர நினைவகம் கைகளால் நெய்யப்பட்டது என்று சொன்னால் இன்றைய இளைஞர் நம்பத் தயங்குவர். ஆயினும் அதுவே உண்மை. சிறு காந்த வளையங்களை வரிசையாக அடுக்கி, அவற்றினிடையே மெல்லிய செப்புக் கம்பியைச் செலுத்துவார்கள். கம்பி ஒரு வளையத்தின் ஊடே சென்றால் அது ஒன்று, வளையத்துக்குப் புறத்தே ஒதுங்கிச் சென்றால் அது சூனியம். இவ்விரண்டு குறிகளால் ஆகிய கட்டளைகளைக் கொண்டுதான் அக்கலம் சந்திரனில் இறங்கவும் மீண்டும் எழவும் வேண்டியிருந்தது. அக்கம்பியைக் கோத்தவர்கள், வால்தாம் என்னும் ஊரில் இருந்த ரேதியான் நிறுவனத்தின் ஆலைப் பெண்கள். நெசவாலைகளிலும் கடிகாரத் தொழிற்சாலைகளிலும் கை பழகியவர்களைத் தேடிப் பிடித்து அவ்வேலைக்கு அமர்த்தினார்கள். இருவர் எதிரெதிரே அமர்ந்து, வளையத்தின் வழியே ஊசியை இவர் நீட்ட அவர் வாங்க, வாரக்கணக்கில் ஒரு நிரலை நெய்து முடித்தார்கள். ஒரு கம்பி ஒரே ஒரு வளையத்தில் இடம் தவறினாலும் கணக்குப் பிழைத்துவிடும். ஆகவே, சந்திரனுக்கு வழி சொன்ன நிரல், கணித மேதைகளின் அறிவில் உதித்து, பெயர் தெரியாத பெண்களின் விரல்களில் உருவம் பெற்றது.

இதை நான் முதன்முதலாகப் படித்த அன்று எனக்கு நினைவு வந்தது என் தாயாரின் உளிதான். ரப்பர் மரம் வெட்டுவதை அறியாதவர்கள் அதனை வெறும் உடலுழைப்பு என்று கருதுவர். நம் நாட்டின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தை 1896-ஆம் ஆண்டில் ‘தான் சாய் யான்’ என்பவர் உருவாக்கியது நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில்தான். அதற்கு ஊக்கமளித்த சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநர் ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பாலெடுக்கும் வெட்டு முறையை வகுத்தவர். அம்முறையின் சூட்சுமம் முழுவதும் கையின் நிதானத்தில் அடங்கியிருக்கிறது. ஒரு வெட்டுக்குப் பட்டையில் ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்கே சீவ வேண்டும். சற்று மேலே நின்றால் பால் வராது. சற்று ஆழ்ந்து வளர்திசுவைத் தொட்டுவிட்டால் மரம் காயப்பட்டு முடிச்சு விழுந்துவிடும். சாய்வு மாறாமல் கோடு இறங்க வேண்டும். இத்தனையும் விடியாத இருளில், ஒரு சிறு விளக்கின் ஒளியில், நூற்றுக்கணக்கான மரங்களில், பிழையின்றி நாள்தோறும் நிகழ்ந்தன. வால்தாம் ஆலையில் ஊசி பிடித்த கையும் ஜாசின் தோட்டத்தில் உளி பிடித்த கையும் ஒரே வித்தையைக் கற்ற கைகள் என்று நான் சொன்னால், அதை யாரும் மிகையென்று கொள்ளலாகாது.

அவ்வொப்புமை என் கற்பனையில் மட்டும் நிற்பதன்று. சரித்திரம் அதனை மெய்யாகவே இணைத்துவைத்தது. இன்று ‘சில்லு’ என்று நாம் அழைக்கும் நுண்மின்சுற்று, 1960-களின் தொடக்கத்தில் விலை மிகுந்ததும் நம்பிக்கைக்கு உரியதா என்று ஐயுறப்பட்டதுமான ஒரு புதுப் பொருளாக இருந்தது. சந்திரனுக்குச் செல்லும் கலத்தில் இடமும் எடையும் குறைவாக இருக்க வேண்டுமென்ற நிர்ப்பந்தத்தால் அப்பல்லோ கணினியை வடிவமைத்தவர்கள் அதனைத் துணிந்து ஏற்றார்கள். 1963-ஆம் ஆண்டில் அமெரிக்கா உற்பத்தி செய்த நுண்சுற்றுகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை அந்த ஒரு திட்டமே உட்கொண்டது என்பர். இராணுவத்தின் தேவையும் அதனோடு சேர்ந்துகொள்ள, தொழில் வளர்ந்தது, விலை இறங்கியது, கோடிக்கணக்கில் சில்லுகள் செய்ய வேண்டிய காலம் வந்தபோது, நுட்பமான கைகளைத் தேடி அத்தொழில் கடல் கடந்து புறப்பட்டது. 1971-ஆம் ஆண்டின் தடையற்ற வாணிப மண்டலச் சட்டத்தைத் தொடர்ந்து பினாங்கிலும், பின்னர் நம் பத்து பெரெண்டாமிலும் ஆலைகள் எழுந்தன. 1973-இல் மலாக்காவில் சீமென்ஸ் நிறுவனம் தொடங்கிய ஆலை, இன்ஃபினியன் என்ற பெயரோடு இன்றும் இயங்குகிறது.

அவ்வாலைகளின் பேருந்துகள் விடியுமுன்னே தோட்டத்துச் சாலைகளில் வந்து நின்றபோது, தாயும் பாட்டியும் பால்வெட்டுக்குப் போன அதே இருட்டில், வீட்டுப் பெண்பிள்ளைகள் மலாய்த் தோழியரோடும் சீனத் தோழியரோடும் அவற்றில் ஏறிச் சென்றார்கள். என் மூத்த தமக்கையார் அவர்களுள் ஒருவர். மயிரிழையினும் மெல்லிய பொன் கம்பியை, நுண்ணோக்கியின் கீழ், சில்லின் ஒரு முனையிலிருந்து சட்டத்தின் மறுமுனைக்கு இணைப்பது அவருடைய வேலை. மரத்துக்குக் காயம் படாமல் வெட்டிப் பழகிய தாயிடம் வளர்ந்தவளுக்கு இது ஒரு பிரமாதமா என்று அவர் எங்களைப் பார்த்துச் சிரிப்பார். அந்நாளைய நுண்ணோக்கி வேலை உலகெங்கும் பெண்களின் கண்ணொளியை மெல்லத் தேய்த்தது என்ற துயரத்தையும் மறைக்க வேண்டியதில்லை. அவர்கள் இணைத்த சில்லுகள் ஆர்ம்ஸ்ட்ராங்கின் கலத்தில் ஏறியவை அல்ல. ஆனால் அக்கலத்தின் பொருட்டு வளர்ந்த தொழில்தான் அவர்கள் கைகளைத் தேடி வந்தது. சந்திரப் பிரயாணத்தின் பயன் நம் லயத்து வாசலுக்கு வந்த வழி இதுவே. அது வந்தபோது யாசகர்களாக நாம் அதனை ஏற்கவில்லை, தொழில் வல்லுநர்களாகவே ஏற்றோம்.

கலையின் கதையிலும் இவ்வாறே கையை முன்னிட்டுத்தான் பேச வேண்டியிருக்கிறது. 1965-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள், கலத்தை விட்டு வெளியேறி ஆகாய வெளியில் முதன்முதலாக மிதந்த அலெக்ஸி லியோனவ், தம்மோடு வண்ணப் பென்சில்கள் சிலவற்றையும் எடுத்துச் சென்றிருந்தார். எடையற்ற வெளியில் அவை பறந்துவிடாதபடி ஒவ்வொன்றையும் நூலில் கட்டி மணிக்கட்டோடு பிணைத்துக்கொண்டார். உயிர் தப்பியதே அரிது என்னும்படியான அப்பிரயாணத்தில், பூமியின் விளிம்பில் எழும் சூரியோதயத்தை அவர் வரைந்தார். விண்வெளியில் மனிதன் வரைந்த முதல் சித்திரம் அது. 1969 நவம்பரில் சந்திரனில் நடந்த ஆலன் பீன், பிற்காலத்தில் விண்வெளிப் பணியைத் துறந்து, தாம் கண்டவற்றை வரைவதிலேயே ஆயுளைச் செலவிட்டார். சந்திரனில் தாம் பயன்படுத்திய சுத்தியலால் தம் ஓவியப் பரப்பைக் கொத்தி, தம் உடையில் ஒட்டிவந்த சந்திரத் தூசியின் துகள்களையும் வண்ணத்தோடு கலந்தார். புகைப்படக் கருவிகள் ஆயிரக்கணக்கில் படம் எடுத்துவிட்ட பிறகும் இம்மனிதர்கள் கையால் வரையத் துணிந்தது ஏன்? கருவி கண்டதை வெளிப்படுத்தும். கண்டவனின் நெஞ்சம் பட்ட பாட்டை வெளிப்படுத்துவதற்கு அவனுடைய கைதான் வேண்டும்.

தமிழரின் கையும் அக்காலத்தில் சும்மா இருந்துவிடவில்லை. 1961 ஏப்ரலில் யூரி ககாரின் பூமியைச் சுற்றி வந்தார். இரண்டே ஆண்டுகளில், 1963-இல், ஏ. காசிலிங்கம் இயக்கத்தில், எம்.ஜி.ஆரும் பி. பானுமதியும் நடித்த ‘கலை அரசி’ வெளிவந்தது. வேற்றுக் கிரகத்தார் பூமிக்கு வருகிறார்கள். அவர்கள் விஞ்ஞானத்தில் மிக முன்னேறியவர்கள், ஆயினும் இசை முதலிய கலைகளில் வறியவர்கள். ஆகவே பாட்டுக் கலையைத் தங்கள் மக்களுக்குக் கற்பிக்கும் பொருட்டு ஒரு தமிழ்ப் பாடகியை விண்கலத்தில் கவர்ந்து செல்கிறார்கள் என்பது அப்படத்தின் கதைக்கரு. அதன் விண்கலமும் கிரகவாசிகளின் உடையும் இன்றைய கண்ணுக்கு எளிமையாகத் தோன்றலாம். ஆனால் அக்கதையின் அடியில் கிடக்கும் சிந்தனை எளியதன்று. யந்திரம் மட்டும் மிகுந்து கலை வற்றிய உலகம் பிற உலகத்தின் வாசலில் வந்து நிற்க நேரும் என்று, விண்வெளி யுகத்தின் விடியலிலேயே ஒரு தமிழ்ப் படம் சொல்லிவைத்தது.

இன்னொரு நிகழ்ச்சி அதைவிட அமைதியானது. ஆயினும் அதைவிட ஆழமானது. நம் வீட்டுப் பெண்கள் வாசலில் புள்ளி வைத்து இழுக்கும் கோலத்தின் கோடு, சில புள்ளிகளைச் சுற்றியும் சிலவற்றை விலகியும் ஓடி, தொடங்கிய இடத்திலேயே முடிவதைச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனும் உற்று நோக்கினார்கள். அதன் உள்ளே ஓர் இலக்கணம் இருப்பதை உணர்ந்து, கணினி விஞ்ஞானத்தின் முறைப்படி அதனை வகுத்து, 1974-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். படங்களைக் கணினி எவ்வாறு வகுத்து உணரலாம் என்னும் ஆராய்ச்சியில் கோலம் இவ்வாறு இடம் பெற்றது. வளையத்தின் ஊடும் புறமுமாகக் கம்பி ஓடிய அந்த நினைவகத்தையும், புள்ளிகளுக்கிடையே இழை வளைந்தோடும் சிக்குக் கோலத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும் ஒரு பிள்ளைக்கு, கலையும் கணிதமும் இருவேறு பாடங்கள் என்று யாரும் கற்பித்துவிட முடியாது.

வானத்திலிருந்து வந்து நம் கலையை வளர்த்த கொடை ஒன்றையும் இங்கே நன்றியோடு நினைக்க வேண்டும். ஆனந்த கிருஷ்ணன் என்னும் தமிழர் உருவாக்கிய நிறுவனத்தின் மீசாட்-1 என்னும் செயற்கைக்கோள், 1996 ஜனவரியில், பிரெஞ்சு கயானாவின் கூரு ஏவுதளத்திலிருந்து ஏரியான் ஏவூர்தியில் எழுந்து, பூமத்திய ரேகைக்கு நேர் மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிலைகொண்டது. அவ்வாண்டிலேயே ஆஸ்ட்ரோ ஒளிபரப்புத் தொடங்க, வானவில் என்னும் தமிழ் அலைவரிசையும் பிறந்தது. லயத்துத் தகரக் கூரைகளிலும், தோட்டம் துண்டாடப்பட்ட பின் நம் மக்கள் குடியேறிய தாமான்களின் சுவர்களிலும் அவ்வொளிபரப்பைப் பெறும் வட்டத் தட்டு ஏறியமர்ந்தது. கனத்த மழை வந்தால் அலை தேய்ந்து படம் நின்றுவிடும். மழை விட்டதும் மீளும். அந்த இடைவேளை நம் மாலைப் பொழுதுகளின் பழக்கமாகவே ஆகிவிட்டது. ஆரம்பத்தில் தமிழ்நாட்டுச் சரக்கையே பெரிதும் நம்பியிருந்த நாம், காலப்போக்கில் உள்ளூர் நாடகங்களுக்கும் பாட்டுப் போட்டிகளுக்கும் மேடை கிடைக்கப் பெற்றோம். நம் பிள்ளைகள் எழுதவும் இயக்கவும் ஒளிப்பதிவு செய்யவும் கற்றார்கள். ஒரு சிறுபான்மை மொழிக் கலையின் ஜீவனத்துக்கு வழி வகுத்ததில் ஆகாயத்தில் நின்ற அக்கோளுக்கும் பங்குண்டு என்பதை எவர் மறுக்க முடியும்?

ஆனால் பெறுவதோடு நின்றுவிட்டால் என்ன நேரும் என்பதற்கும் ஆகாயத்திலேயே ஒரு பாடம் எழுதப்பட்டிருக்கிறது. 1977-ஆம் ஆண்டில் அனுப்பப்பட்ட வாயேஜர் கலங்கள் இரண்டிலும், பொன்முலாம் பூசிய செப்பு இசைத்தட்டு ஒவ்வொன்று வைக்கப்பட்டது. என்றேனும் எவரேனும் அதைக் கண்டெடுத்தால் பூமியின் குரலைக் கேட்கட்டும் என்று 55 மொழிகளில் வாழ்த்துரைகளும், பற்பல நாடுகளின் இசையும் அதில் பதிக்கப்பட்டன. சுமேரிய மொழி போன்ற வழக்கிழந்த மொழிகள் அதில் உண்டு. தெலுங்கும் கன்னடமும் சிங்களமும் உண்டு. கேசர்பாய் கேர்க்கரின் பைரவி உண்டு. தமிழ் இல்லை. இதற்காக எவர்மேலும் சினம் கொள்வதில் பயனில்லை. அவ்விசைத்தட்டைத் தொகுத்தவர்கள் மிகக் குறுகிய காலத்தில், தங்களுக்கு எட்டியவர்களைக் கொண்டு செய்து முடித்தார்கள். எட்டிய தூரத்தில் இருந்தவர்களின் மொழி ஏறியது, இல்லாதவர்களின் மொழி ஏறவில்லை. ஆயினும், விண்மீன்களுக்கு இடையிலான வெளியில் சென்றுகொண்டிருக்கும் மனித குலத்தின் அவ்வாழ்த்தில், இரண்டாயிரம் ஆண்டு இலக்கியமுள்ள நம் மொழி இல்லை என்பதை எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சம் கனக்கிறது. கலங்கள் புறப்பட்ட பிறகு எழுப்பும் எக்குரலும் அவற்றை எட்டுவதில்லை.

அதன் பின்னர்க் காலம் மாறியிருக்கிறது என்பதில் ஐயமில்லை. நம் நாட்டின் முதல் விண்வெளி வீரரைத் தேர்ந்தெடுக்கும் முயற்சியில் 11,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பிக்க, இறுதியில் எஞ்சிய நால்வருள் ஒரே பெண்ணாக நின்றவர் எஸ். வனஜா என்னும் தமிழ்ப் பொறியாளர். 2007 அக்டோபர் 10-ஆம் நாள் சோயுஸ் கலத்தில் விண்ணேறிய பேறு ஷேக் முஸாபருக்குக் கிட்டியதாயினும், அந்நால்வரின் படத்தில் ஒரு தமிழ் முகத்தைக் கண்ட எத்தனையோ வீடுகளில் பெண்பிள்ளைகளின் கனவு ஒரு முழம் நீண்டது. தாய்த் தமிழகத்திலோ, சந்திரயான் திட்டங்கள் மூன்றையும் இயக்கிய மயில்சாமி அண்ணாதுரை, வனிதா, வீரமுத்துவேல் ஆகிய மூவரும் தமிழர்கள். 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரனின் தென்பகுதியில் கலம் இறங்கியதே, அந்த இறக்கத்துக்கான ஒத்திகைக்கு வேண்டிய சந்திர மண்ணை ஒத்த மண், நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளின் பாறையை அரைத்து எடுக்கப்பட்டதாகும். சேலத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் கப்பலேறி வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நம்மிடையே பலர்; அவர்களுடைய பாட்டன்மார் விளையாத பூமி என்று விட்டுவந்த மண், சந்திரனின் மண்ணுக்கு உறவாயிற்று.

இதையெல்லாம் கேட்டு, வீட்டு வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் திண்டாடும் குடும்பங்களுக்குச் சந்திரனால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர் உண்டு. அக்கேள்வி நியாயமானது, அதை அலட்சியம் செய்யும் உரிமை எவருக்கும் இல்லை. ஆனால் நான் மேலே சொன்ன கதையே அதற்கு விடை. வறுமையில் இருந்த தோட்டத்துப் பெண்ணுக்கு மாதச் சம்பளம் தந்த சில்லுத் தொழில் எங்கிருந்து வந்தது? அத்தொழிலில் கம்பி இணைத்தவள் நம் பெண். சில்லை வடிவமைத்தவன் வேறொருவன். உழைப்பின் பங்கு நமக்கும் சிருஷ்டியின் பங்கு பிறர்க்குமாகப் பிரிந்து கிடந்ததுதான் நம் குறையேயன்றி, விண்வெளி நமக்கு வேண்டாத பொருளாக இருந்தது அன்று. அந்தக் கை பெற்றிருந்த நுட்பத்தைக் கண்டு, அதற்குக் கணிதத்தையும் சித்திரத்தையும் கற்பித்திருந்தால் அப்பெண் எதைத்தான் படைத்திருக்க மாட்டாள்?

ஆகவே மலாக்கா மாநிலத்துத் தமிழ்ப்பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும், பெற்றோர் சங்கத்தாருக்கும், ஆலய நிர்வாகத்தாருக்கும் பணிவோடு சில விண்ணப்பங்கள் செய்துகொள்கிறேன். கோலப் போட்டியைக் கலை விழாவிலும், அறிவியல் விழாவை வேறொரு நாளிலும் வைக்கும் வழக்கத்தை விடுத்து, இரண்டையும் ஒரே மண்டபத்தில், ஒரே நாளில் வைக்க வேண்டும். கோலம் போடும் பிள்ளை அதன் கணக்கைச் சொல்லட்டும், கருவி செய்யும் பிள்ளை அதன் வடிவத்தை வரைந்து காட்டட்டும். தஞ்சோங் பிடாராவில் அல்-குவாரிஸ்மி வானியல் வளாகம் இருக்கிறது; நோன்புப் பிறை பார்க்கும் அந்தக் கடற்கரைக்கு நம் பிள்ளைகளையும் அழைத்துச் சென்று, தொலைநோக்கியின் வழியே சனியின் வளையத்தை ஒருமுறை காட்டி, கண்டதை அன்றிரவே தமிழில் எழுதவும் வரையவும் செய்ய வேண்டும். பத்து பெரெண்டாம் ஆலைகளில் முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைத்து இன்று முதியவர்களாகிவிட்ட நம் பெண்களின் அனுபவங்களை, அவர்கள் வாய்மொழியாகவே பதிவு செய்ய வேண்டும். வால்தாம் பெண்களைப் பற்றி உலகம் காலந்தாழ்த்தியேனும் எழுதியது, நம் பெண்களைப் பற்றி நாமல்லவா எழுத வேண்டும்?

வானம் நமக்கு அந்நியமானதன்று. 1781-ஆம் ஆண்டு முதல் மலாக்கா நகரில் நிலைத்து நிற்கும் பொய்யாத விநாயகர் ஆலயத்திலிருந்து, செங் வட்டாரத்துச் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்கு மாசி மகத்தன்று தேர் புறப்படுவதை நாம் அறிவோம். முழுநிலவும் மக நட்சத்திரமும் கூடும் நாள் அது. அத்தேரின் பின்னே நடக்கும் ஆயிரக்கணக்கானோரில், நிலவின் அருகே மின்னும் மகம் எதுவென்று தம் பிள்ளைக்குக் காட்டத் தெரிந்தவர் எத்தனை பேர்? அந்த ஒரு நட்சத்திரத்தைச் சுட்டிக் காட்டுவதிலிருந்து தொடங்கலாம். வாளியை இறக்க நேரமின்றி அண்ணாந்து பார்த்த என் தாயாருக்கு வாய்க்காத அவகாசம் அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு வாய்த்திருக்கிறது. அப்பல்லோவின் நினைவகத்தில் வளையத்தின் ஊடே சென்ற கம்பி ஒன்றாகவும், ஒதுங்கிச் சென்றது சூனியமாகவும் எண்ணப்பட்டது. நம் கையில் நூலும் இருக்கிறது, நுட்பமும் இருக்கிறது. இனி அது வளையத்தின் ஊடே செல்லட்டும்.